ஊர்ச் சபைகளுக்கு ஒரு குரல்: பல்வந்தராய் மேத்தா

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்துவிட்டன. கற்பித்த பாடங்களுட் பல மறந்துபோயின. ஆயினும் ஒரு மாணவன் கேட்ட கேள்வி மட்டும் என்னை விட்டு அகலவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அக்கேள்வியே.

2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துப் பெருமழையைக் கிளிநொச்சி மாவட்டத்தார் எளிதில் மறவார். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கனகராயன் ஆறு கரை கடந்தது. அந்த ஆறு கடல்நீரேரியை நாடிச் செல்லும் வழியிலுள்ள எங்கள் கண்டாவளையில் வயலும் வளவும் ஒரே வெள்ளமாயின. வெள்ளம் வடிந்து பாடசாலை மீண்டும் தொடங்கியபோது நான் குடியியல் வகுப்பில் உள்ளூராட்சி பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒழுங்கைகளைச் செப்பனிடுதல், தெருவிளக்கு, சந்தை, நூலகம், சுகாதாரம் எனப் பிரதேச சபையின் கடமைகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கில் இருந்த ஒரு பையன் எழுந்தான். அவன் வீட்டாரின் வயல் அம்மாரியில் முற்றாக அழிந்திருந்தது. ஊராருக்காகச் சபை பேசும் என்று படிக்கிறோமே, அந்தச் சபைக்காகப் பேசுவது யார் என்று அவன் வினவினான்.

பாராளுமன்ற உறுப்பினர் பேசுவார் என்று விடை கூறினேன். அவன் முகத்தில் நிறைவில்லை. குளம் ஒரு திணைக்களத்திடம், பெருந்தெரு மற்றொரு நிறுவனத்திடம், பணம் கொழும்பிடம், ஒழுங்கை மட்டுந்தான் சபையிடம் என்றிருக்கும்போது, இத்தனை பேரிடமும் ஒரு சின்னச் சபை தனியாகப் போய் நின்றால் யார் கேட்பார் என்று மீண்டும் கேட்டான். மணி அடித்தது. அன்று அந்த மணி என்னைக் காப்பாற்றியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பின்னர் விடை தேடிப் படிக்கத் தொடங்கினேன். சபைகள் தமக்குள் ஒன்றுகூடி ஒரு தேசியச் சங்கம் அமைத்து, அச்சங்கத்தின் வாயிலாக அரசாங்கத்தோடு பேசும் வழக்கம் உலகில் புதிதன்று. இங்கிலாந்தின் நகராட்சிகள் 1873லேயே அவ்வாறு கூடின. இன்று அந்நாட்டின் உள்ளூராட்சிச் சங்கம் 1997ல் அமைந்தது. 1913ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பல நாட்டு நகராட்சிகள் சேர்ந்து ஒரு சர்வதேச ஒன்றியத்தையே நிறுவின. நம் நாட்டிலும் மாநகர, நகர, பிரதேச சபைகளை உறுப்பாகக் கொண்ட ஒரு சம்மேளனம் உண்டு. எனினும் அந்தப் பையனின் கேள்வியைத் தம் வாழ்க்கை முழுவதும் சுமந்து திரிந்த ஒருவரை நான் கண்டுகொண்டது அயல் நாடாகிய இந்தியாவிலேயாகும். அவர் பெயர் பல்வந்தராய் கோபால்ஜி மேத்தா. பஞ்சாயத்து ராஜ்யத்தின் தந்தை என்று அரசியற் பாடநூல்கள் அவரை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குப் பின்னே நிற்கும் மனிதரைச் சற்று அறிமுகஞ் செய்து வைக்க விரும்புகிறேன்.

சமஸ்தானத்துப் பிள்ளை

மேத்தா 1900ஆம் ஆண்டு குஜராத்தின் பாவநகரிற் பிறந்தார். இளமையில் காந்தியடிகள் சிறிது காலம் கல்லூரியிற் படித்த ஊர் அது. ஆனால் பாவநகர் அக்காலத்தில் ஆங்கிலேயர் நேராக ஆண்ட பூமியன்று. ஒரு மகாராஜாவின் சமஸ்தானம். அதைச் சூழ்ந்த கத்தியவார்த் தீபகற்பத்தில் மட்டும் சிறிதும் பெரிதுமாக இருநூற்றுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. சிலவற்றின் எல்லையை ஒரு பகலில் நடந்தே கடந்துவிடலாம். ஆங்கிலேயர் ஆண்ட மாகாணங்களிலாவது ஓரளவு சட்டசபையும் நகரசபையும் இருந்தன. சமஸ்தானத்துக் குடிகளுக்கோ மன்னரின் மனமே சட்டம். மன்னர் நல்லவராயின் நன்மை. அல்லராயின் முறையிட இடமில்லை. பாவநகர் மன்னர்கள் ஒப்பளவில் நல்லாட்சி நடத்தியவர்களே. ஆயினும் நல்லாட்சி வேறு, தம்மாட்சி வேறு என்பதை இளைஞர் மேத்தா விரைவில் உணர்ந்தார்.

கல்லூரிப் படிப்பை முடித்த அவர், அந்நிய அரசு வழங்கும் பட்டம் தமக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1920ல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது அதில் இறங்கினார். அடுத்த ஆண்டிலேயே பாவநகரில் பிரஜா மண்டலம் என்னும் குடிமக்கள் சங்கத்தை நிறுவ முன்னின்றார். 1928ல் பர்தோலி விவசாயிகளின் வரிகொடா இயக்கத்திற் பங்குகொண்டார். சட்டமறுப்பு இயக்கத்திலும், 1942ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் சிறை சென்றார். லாலா லஜபதி ராய் நிறுவிய மக்கள் தொண்டர் சங்கத்திற் சேர்ந்து எளிய வாழ்வை ஏற்றார்.

இவையெல்லாம் அக்காலத்துத் தேசபக்தர் பலருக்கும் பொதுவான செய்திகள். மேத்தாவுக்கே சிறப்பாக உரியது வேறொன்று. சமஸ்தானந்தோறும் தோன்றிய பிரஜா மண்டலங்கள் தனித்தனியே நின்றால் ஒவ்வொன்றாக நசுக்கப்படும் என்பதை அவர் கண்டார். இந்தியா முழுவதிலும் ஐந்நூற்று அறுபதுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. ஒரு சிற்றூரின் மண்டலத் தலைவரை இரவோடிரவாக நாடு கடத்தினால் அடுத்த சமஸ்தானத்துக்குக்கூடச் செய்தி எட்டாது. ஆகவே 1927 டிசெம்பரில், மாணிக்கலால் கோத்தாரி, அபயங்கர் முதலிய நண்பர்களோடு சேர்ந்து, பம்பாயில் அகில இந்திய சமஸ்தான மக்கள் மகாநாட்டைக் கூட்டினார். பின்னர் அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் உழைத்தார். 1939ல் ஜவாஹர்லால் நேருவே அதன் தலைமையை ஏற்கும் அளவுக்கு அந்த மகாநாடு வளர்ந்தது.

இந்த இடத்தில் வாசகர் சற்று நிற்றல் வேண்டும். நூற்றுக்கணக்கான சிறு சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு குறை. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குத் தெரியாது. ஒன்றின் மன்னர் மற்றொன்றின் மன்னருக்குப் பகைவராகவும் இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் பொதுவான கோரிக்கை எது என்று தெரிந்தெடுத்து, அதை டெல்லி கேட்குமாறு சொல்லவேண்டும். டெல்லி சொன்ன மறுமொழியை ஊர்தோறும் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும். தேசியச் சங்கம் ஒன்றின் செயலாளருக்குரிய வேலை இதுதான். மேடையிற் பேசுவதைவிடக் கடிதம் எழுதுவதும் கணக்கு வைப்பதும் பயணஞ் செய்வதுமே இதில் அதிகம். மேத்தா இந்தக் கலையைச் சமஸ்தானக் காலத்திலேயே பயின்றுவிட்டார்.

சுதந்திரம் வந்தது. 1948 ஜனவரி 15ந் திகதி பாவநகர் மகாராஜா கிருஷ்ணகுமாரசிங்ஜி குடிகளுக்குப் பொறுப்பாட்சியை வழங்கினார். சர்தார் பட்டேல் தொடக்கி வைத்த அந்த ஆட்சியின் முதல்வர் ஆனவர் மேத்தா. அடுத்த மாதமே பாவநகர் சௌராஷ்டிர ஒன்றியத்துட் கலந்தது. முடி துறந்த அதே மகாராஜா அவ்வாண்டே சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்து 1952 வரை பணியாற்றினார் என்பதைத் தமிழ் வாசகர் சுவையோடு நினைவு கூரலாம்.

குழுவும் அறிக்கையும்

அரசியல் நிர்ணய சபையிலும், 1952 முதல் லோக சபையிலும் மேத்தா உறுப்பினராக இருந்தார். காங்கிரஸ் மகாசபையின் பொதுச் செயலாளராகவும், பாராளுமன்ற மதிப்பீட்டுக் குழுவின் தலைவராகவும் பணிபுரிந்தார். அரசாங்கத்தின் செலவை ஒவ்வொரு காசாக ஆராயும் அக்குழுவில் பெற்ற அனுபவம் அவருடைய பெரும் பணிக்கு முன்னுரையாக அமைந்தது.

1952 அக்டோபர் 2ந் திகதி, காந்தியடிகளின் பிறந்த நாளன்று, இந்திய அரசாங்கம் சமுதாய வளர்ச்சித் திட்டத்தை ஆரம்பித்திருந்தது. கிராமத்துக்கு உரமும் விதையும் பாதையும் பள்ளியும் கொண்டுசெல்வது அதன் நோக்கம். அடுத்த ஆண்டு தேசிய விரிவு ஊழியமும் வந்தது. ஆனால் சில ஆண்டுகளில் ஒரு குறை வெளிப்பட்டது. அதிகாரிகள் கொடுத்தார்கள், மக்கள் வாங்கிக்கொண்டார்கள், அதிகாரிகள் போனதும் வேலை நின்றது. காரணம் என்ன என்று ஆராய 1957 ஜனவரியில் ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைமை மேத்தாவுக்கு. அவ்வாண்டு நவம்பரிலேயே அறிக்கை வெளிவந்தது.

அறிக்கையின் சாரம் எளியது. ஊர் மக்கள் தாமே தெரிந்தெடுத்த சபையிடம் பொறுப்பும் அதிகாரமும் பணமும் ஒருங்கே ஒப்படைக்கப்பட்டாலன்றி எத்திட்டமும் வேரூன்றாது. பொறுப்பை மட்டும் கொடுத்துப் பணத்தைக் கொடாமல் இருப்பது பயனற்றது. கிராமத்தில் பஞ்சாயத்து, வட்டாரத்தில் பஞ்சாயத்து சமிதி, மாவட்டத்தில் ஜில்லா பரிஷத் என மூன்று படிகளை அக்குழு வகுத்தது. அவற்றுள் வட்டாரச் சமிதிக்கே செயல்வலிமையை அளிக்க விரும்பியது. 1959 அக்டோபர் 2ந் திகதி இராஜஸ்தானத்தின் நாகௌரில் நேரு இப்புதிய முறையைத் தொடக்கி வைத்தார். அதே மாதத்தில் ஆந்திரமும் பின்பற்றியது. சென்னை மாகாணத்தில் காமராசரின் ஆட்சியில் 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம் ஊராட்சிகளையும் ஊராட்சி ஒன்றியங்களையும் அமைத்தது.

சபைகளின் சபை

அறிக்கை எழுதியவர் பலர் அதோடு ஓய்ந்துவிடுவர். மேத்தா ஓயவில்லை. இலட்சக்கணக்கான பஞ்சாயத்துகள் நாடெங்கும் தோன்றப் போகின்றன. அவற்றைத் தோற்றுவிப்பதும் கலைப்பதும் மாநில அரசாங்கங்களின் கையில் இருக்கின்றன. ஒரு கிராமப் பஞ்சாயத்து தனியாக நின்று ஒரு மந்திரியிடம் என்ன பேச முடியும்? சமஸ்தானக் காலத்து அனுபவம் அவருக்கு வழி காட்டியது. அறிக்கை வெளிவந்த மறு ஆண்டாகிய 1958ல் அகில இந்தியப் பஞ்சாயத்துப் பரிஷத் பிறந்தது. அதைத் தோற்றுவித்த முதல்வர் மேத்தாவே. பின்னர் ஜெயப்பிரகாச நாராயணரும் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இத்தகைய சங்கம் எவ்வாறு சபைகளின் பிரதிநிதியாகிறது? ஊர்ச் சபைகள் மாநில அளவிற் கூடுகின்றன. மாநிலச் சங்கங்கள் தேசிய அளவிற் கூடுகின்றன. சட்டம் ஒன்று வரும்போது அதனால் ஊர்களுக்கு என்ன நேரும் என்பதை அரசாங்கத்துக்கு எடுத்துச் சொல்லுதல், ஆணைக்குழுக்கள் அமர்ந்தால் சாட்சியம் அளித்தல், நிதிப் பங்கு கேட்டல், புதிதாகத் தெரிவான உறுப்பினர்க்குப் பயிற்சி அளித்தல், ஓர் ஊர் கண்ட நன்முறையை மற்றோர் ஊர் அறியச் செய்தல் ஆகியவை அதன் தொழில்கள். கட்டளையிடும் அதிகாரம் அதற்கு இல்லை. அதன் படைக்கலம் சொல் ஒன்றே.

இதில் இடர்களும் உள. டெல்லியில் செல்வாக்குள்ள ஒருவர் தலைவராக இருந்தால் மந்திரிகள் செவி சாய்ப்பர். ஆனால் அவர் ஊரின் சேற்றை மறந்துவிடக் கூடும். ஊரிலிருந்தே ஒருவரைத் தலைவராக்கினால் சேறு மறவாது. கதவு திறவாமற் போகலாம். பெரிய சபைகளின் குரலில் சிறியவற்றின் குரல் அமிழ்ந்துவிடவுங் கூடும். ஆளுங் கட்சிக்காரரே சங்கத்தையும் நடத்தினால் அரசாங்கத்தைக் கண்டிக்க நா எழாது. மேத்தா ஆளுங் கட்சியின் பெருந் தலைவர், பாராளுமன்றத்தில் இருந்தவர். இந்த முரண்பாடு அவரிடமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கட்சியை நம்பிய அவர், அக்கட்சி என்றும் பஞ்சாயத்துகளைக் காக்கும் எனவும் நம்பியிருந்தார் போலும். அந்நம்பிக்கையின் விலையைப் பிற்காலம் காட்டியது.

இறுதிப் பயணம்

1963 செப்டெம்பரில் மேத்தா குஜராத்தின் முதலமைச்சர் ஆனார். அம்மாநிலத்தில் பஞ்சாயத்துச் சட்டம் அவ்வாண்டு ஏப்பிரலில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அவருடைய அறிக்கை வட்டாரத்துக்கு வலிமை கேட்டது. குஜராத்துச் சட்டமோ மாவட்டத்துக்கே வலிமையைக் கொடுத்திருந்தது. தாம் வகுத்த படியினின்று வேறுபட்ட முறையை நடத்தும் பொறுப்பு அவருக்கே வாய்த்தது.

1965 செப்டெம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் போரில் இறங்கின. அம்மாதம் 19ந் திகதி, கட்ச் எல்லைப் பகுதியைப் பார்வையிட முதலமைச்சர் ஒரு சிறிய விமானத்திற் புறப்பட்டார். துணைவியார் சரோஜ்பென் உடன் சென்றார். ஊழியர், பத்திரிகையாளர், விமானமோட்டிகள் உட்பட எண்மர் அதில் இருந்தனர். அவ்விமானத்தைப் பாகிஸ்தானியப் போர் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தியது. கட்சின் சுதாரிக் கிராமத்தருகே அது விழுந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. சில நாட்களிற் போர் நின்றது. நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 2011ல், அன்று சுட்ட வீரர் முதியவராகி, இறந்த விமானமோட்டியின் மகளுக்கு வருத்தந் தெரிவித்துக் கடிதம் எழுதினார். அவரும் பெருந்தன்மையோடு மறுமொழி எழுதினார். போரைக் கண்ட மண்ணில் இருந்து இதைப் படிக்கும்போது என் கண் நனைந்தது.

குரலுக்கு உடல் வேண்டும்

மேத்தா மறைந்த பின் பஞ்சாயத்துகள் தளர்ந்தன. பல மாநிலங்களில் காலக்கெடு முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. தமிழ்நாட்டையே எடுத்துக்கொண்டால், 1970க்குப் பின் 1986, அதன் பின் 1996 என ஊராட்சித் தேர்தல்களுக்கிடையே நீண்ட இடைவெளிகள். பரிஷத் இருந்தது, அதன் தீர்மானங்களும் இருந்தன. ஆனால் தெரிவான சபைகளே இல்லாதபோது அவற்றின் பேரால் யார் பேசுவது? 1992ல் நிறைவேறி 1993 ஏப்பிரல் 24ந் திகதி நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தமே ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் என்பதை நாட்டின் மூலச் சட்டத்தில் பொறித்தது. அதன் பின்னரும் தமிழ்நாட்டில் 2016ல் முடிந்த காலத்துக்கு 2019 டிசெம்பரிலேயே ஊரகத் தேர்தல் நடந்தது என்றால், இவ்வுரிமை எவ்வளவு விழிப்போடு காக்கப்பட வேண்டியது என்பது புலனாகும்.

இதை எழுதும் எனக்கு இது அயலூர்க் கதையன்று. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயச் சட்டம் முதல் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் வரை நம் நாட்டில் சட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் போர்க்காலம் நெடுகிலும் எங்கள் பகுதி தெரிவான சபையின்றியே இருந்தது. கண்டாவளையையும் உள்ளடக்கிய கரைச்சிப் பிரதேச சபைக்கு 2011 யூலையிலும் 2018 பெப்ரவரியிலும் தேர்தல் நடந்தது. நாடெங்கும் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் நடக்கவேண்டிய தேர்தல் பின்போடப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினர். அவர்கள் தம் கடமையைச் செய்திருக்கலாம். ஆனால் தவிசாளரின் வீட்டுப் படலையைத் தட்டி, எங்கள் ஒழுங்கையை வந்து பாரும் என்று உரிமையோடு சொல்லும் வாய்ப்பு ஊராருக்கு இல்லாதிருந்தது. சபைகளின் சம்மேளனத்துக்கும் அக்காலத்தில் நாற்காலிகள் இருந்தனவேயன்றி, அவற்றில் மக்கள் அனுப்பிய மனிதர் இல்லை.

2025 மே 6ந் திகதி வாக்களிக்கச் சென்றபோது அந்தப் பழைய மாணவனைக் கண்டேன். இப்போது அவன் வளர்ந்த இளைஞன், வயல் செய்கிறான். வரிசையில் எனக்கு முன்னே நின்றவன், சேர் முன்னுக்கு வாருங்கோ என்று இடம் விட்டான். வெயில் ஏறுமுன் அவனுக்குக் கடன்பட்டிருந்த விடையைச் சொல்லிவிட எண்ணினேன்.

சபைக்காகப் பேசச் சபைகளின் சங்கம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆயினும் அது இரவற் குரல். பாவநகரில் ஒரு சிறு மண்டலத்திலிருந்து மேத்தா அந்தக் குரலைக் கட்டியெழுப்பினார். சிறு மண்டலங்கள் உயிரோடிருந்த வரையில் அது நாடெங்கும் கேட்டது. ஊர்ச் சபை மடிந்தால் தலைநகரிலுள்ள சங்கம் வெறும் பெயர்ப் பலகை. ஆகவே சபைக்காக முதலிற் பேச வேண்டியவன் ஊரவனே. தேர்தல் உரிய காலத்தில் நடக்கவேண்டும் என்று கேட்பதும், தெரிவானவரைப் பின் கேள்வி கேட்பதும் அவன் பேச்சு.

இவற்றை அவ்வளவு நீளமாகச் சொல்ல அன்று நேரம் வாய்க்கவில்லை. நான் தொடங்குமுன்பே அவன் முறை வந்துவிட்டது. அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். என் விடையின் பாதியை அவன் கேளாமலே அறிந்திருந்தான் என்று எண்ணிக்கொண்டேன். மற்றப் பாதியை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.